மோட்டார் சைக்கிளின் உறுப்புக் கணக்கு

மோட்டார் சைக்கிள் ஒன்று தெருமுனையில் திரும்புவதற்கு முன்பே, ஓசையைக் கேட்டு, "வருவது புல்லட்" என்று சொல்லிவிடக் கூடியவர்கள் பலர் உண்டு. நீங்களும் அவர்களில் ஒருவராக இருக்கலாம். ஓசையை வைத்தே வண்டியின் பெயரைச் சொல்ல முடிவது எப்படி? எல்லா வண்டிகளும் அப்படி ஒலிக்காதது ஏன்? மின்சார வண்டி ஏறக்குறைய ஓசையே இல்லாமல் போவது ஏன்?

இக்கேள்விகளுக்கு விடை எஞ்சினுக்குள் இருக்கிறது. சென்னைக்கு மேற்கே பாடி, அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளில் பட்டறை வேலையை நம்பி வாழும் ஏராளமான குடும்பங்களின் பிழைப்பும் அதே எஞ்சினோடு பிணைந்திருக்கிறது. ஒரு வண்டியில் எந்தெந்த உறுப்புகள் உள்ளன என்று எண்ணிப் பார்த்தால் இந்தப் பிணைப்பு தெளிவாகும். முதலில் ஓசையைக் கவனிப்போம்.

ஓசைக்கும் உண்டு கணக்கு

பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் கொண்ட 350 புல்லட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சிலிண்டரின் விட்டம் 70 மி.மீ. பிஸ்டன் மேலிருந்து கீழாகச் செல்லும் தூரம் 90 மி.மீ. உருளையின் கன அளவைக் காணும் முறை உங்களுக்குத் தெரியும். 22/7 × 3.5 × 3.5 × 9 என்று பெருக்கினால் 346.5 கன செ.மீ. வரும். '350 சி.சி.' என்று நாம் பேச்சில் சொல்வது இதைத்தான்.

பிஸ்டன் ஒரு முறை மேலே போவதையோ கீழே வருவதையோ ஒரு வீச்சு, அதாவது ஒரு 'ஸ்ட்ரோக்' என்கிறோம். புல்லட் நான்கு வீச்சு எஞ்சின் கொண்டது. காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையை உள்ளே இழுப்பது முதல் வீச்சு. அதை அழுத்துவது இரண்டாவது. கலவை தீப்பற்றி விரிந்து பிஸ்டனைத் தள்ளுவது மூன்றாவது. புகையை வெளியேற்றுவது நான்காவது. இந்த நான்கும் முடிய எஞ்சின் இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும். ஆகவே இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் வெடிப்பு நிகழும்.

வண்டி நின்ற இடத்தில் நிமிடத்திற்கு 1,000 சுற்று ஓடுவதாகக் கொள்வோம். வெடிப்புகள் 500. அதாவது நொடிக்கு எட்டு. நொடிக்கு ஏறத்தாழ இருபதுக்குக் குறைவான தட்டல்களை நம் காது தனித்தனியாகப் பிரித்துக் கேட்கும். அதற்கு மேலே போனால் அவை ஒன்றோடொன்று கலந்து தொடர்ந்த ஒலியாகிவிடும். பெரிய சிலிண்டர், கனமான பறக்கும் சக்கரம், மெதுவான ஓட்டம் ஆகிய மூன்றும் சேர்ந்ததால் புல்லட்டின் 'டப், டப்' நமக்குத் தனித்துக் கேட்கிறது.

இப்போது 1985-இல் வந்த யமஹா ஆர்.எக்ஸ்.100 வண்டியைப் பாருங்கள். விட்டமும் வீச்சும் 50 மி.மீ.தான். கன அளவு 98 சி.சி. இது இரண்டு வீச்சு எஞ்சின். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு. அதே 1,000 சுற்றில் நொடிக்குப் பதினாறுக்கு மேல் வெடிப்புகள். முறுக்கேற்றி 3,000 சுற்றுக்குக் கொண்டுபோனால் நொடிக்கு 50. தட்டல் மறைந்து ரீங்காரம் பிறக்கிறது.

மேற்கே அமைந்த உறுப்புத் தொழில்

புல்லட் சென்னைக்கு வந்த வரலாறு பலருக்குத் தெரிந்ததே. மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து 1955-இல் என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தை ஏற்படுத்தின. வடசென்னையில் திருவொற்றியூரில் தொழிற்சாலை அமைந்தது. தொடக்கத்தில் உறுப்புகள் கப்பலில் வந்தன, இங்கே பூட்டப்பட்டன. பின்னர் உறுப்புகளும் இங்கேயே உருவாயின. தாய் நிறுவனம் இங்கிலாந்தில் 1970-இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. சென்னையில் அது நிற்கவில்லை. 1977-இல் சென்னை வண்டிகள் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயின.

முழு வண்டியைப் பூட்டுவது ஓரிடத்தில் நடக்கலாம். ஆனால் அதன் நூற்றுக்கணக்கான உறுப்புகளை ஒரே தொழிற்சாலை செய்துவிட முடியாது. குழாய், சங்கிலி, பிரேக், மின்கருவி என்று ஒவ்வொன்றுக்கும் தனித் திறமை வேண்டும். அத்தகைய திறமை சென்னையின் மேற்குப் புறநகரில் படிப்படியாகச் சேர்ந்தது. அம்பத்தூரில் 1949-இல் டி.ஐ. சைக்கிள் நிறுவனம் தொடங்கியது. சைக்கிளுக்குக் குழாய் வேண்டும். 1955-இல் ஆவடியில் டியூப் புராடக்ட்ஸ் வந்தது. சங்கிலி வேண்டும்; 1960-இல் அம்பத்தூரில் டி.ஐ. டைமண்ட் செயின் வந்தது. பாடியில் லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் ஆகியவை 1960-களின் முற்பகுதியில் எழுந்தன. அருகே செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் இருந்தது. 1960-களில் மாநில அரசு அம்பத்தூர்த் தொழிற்பேட்டையை அமைத்தது. பெரிய ஆலைகளுக்கு 'ஜாப் ஒர்க்' செய்து கொடுக்கும் சிறு பட்டறைகள் அங்கே ஆயிரத்துக்கு மேல் பெருகின.

இந்த உறுப்புகளில் இரண்டை மட்டும் சற்று நெருங்கிப் பார்ப்போம்.

குழாய் ஏன் உள்ளே வெற்றாக இருக்கிறது?

மோட்டார் சைக்கிளின் எலும்புக்கூடு இரும்புக் குழாயால் ஆனது. கெட்டியான கம்பியால் செய்தால் இன்னும் வலுவாக இருக்காதா? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

15 மி.மீ. விட்டமுள்ள கெட்டிக் கம்பி ஒன்று. அதே நீளமும் அதே எடையும் உள்ள, 30 மி.மீ. வெளிவிட்டமுடைய குழாய் ஒன்று. எடை சமமாக இருக்க வேண்டுமானால் குழாயின் சுவர் ஏறத்தாழ 2 மி.மீ. தடிப்பு இருக்கும். இரண்டையும் வளைத்துப் பார்த்தால், குழாய் வளைவை 7 மடங்கு எதிர்க்கிறது. உடையாமல் தாங்கும் சுமையோ மூன்றரை மடங்கு.

காரணம் எளிது. ஒரு தண்டை வளைக்கும்போது அதன் ஒரு பக்கம் நீள்கிறது; எதிர்ப்பக்கம் சுருங்குகிறது. நடுவிலுள்ள உலோகம் நீள்வதும் இல்லை, சுருங்குவதும் இல்லை. ஆகவே அது சுமையைத் தாங்குவதிலும் அதிகம் பங்கு கொள்வதில்லை. வேலை செய்யாத நடுப்பகுதி உலோகத்தை எடுத்து, வேலை நடக்கும் ஓரத்திற்குக் கொண்டுபோனால் குழாய் கிடைக்கிறது. மூங்கிலும் நெல்லின் தாளும் இதே அமைப்பில்தான் நிற்கின்றன.

எஃகுத் தகட்டை உருளைகளுக்கிடையே செலுத்தி வட்டமாகச் சுருட்டுவார்கள். சேரும் விளிம்புகளை மின்சாரத்தால் சூடாக்கி அழுத்தி ஒட்டுவார்கள். துல்லியம் வேண்டிய குழாய்களைக் குளிர்ந்த நிலையிலேயே ஓர் அச்சின் துளை வழியாக இழுப்பார்கள். வண்டியின் முன்புற அதிர்வுதாங்கிக் குழாய் இவ்வாறு இழுக்கப்பட்டதே. அதன் பரப்பில் சிறு பிசிறு இருந்தாலும் எண்ணெய் கசியும்.

சங்கிலி நீளுமா?

"செயின் லூசாகிவிட்டது, இழுத்துக் கட்ட வேண்டும்" என்று மெக்கானிக் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். சங்கிலி ரப்பர் போல நீண்டுவிட்டது என்றே பலர் நினைக்கிறார்கள். உண்மையில் சங்கிலியின் எஃகுத் தகடுகள் நீள்வதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் ஓர் ஊசி, அதைச் சுற்றி ஒரு புஷ், அதன் மேல் சுழலும் உருளை ஆகியவை உள்ளன. பற்சக்கரத்தில் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் ஊசி புஷ்ஷுக்குள் சிறிது திரும்புகிறது, திரும்பும்போது தேய்கிறது. ஒரு கண்ணிக்கு 0.1 மி.மீ. தேய்ந்தாலும் நூறு கண்ணிக்கு 10 மி.மீ. ஆகிவிடும். அதைத்தான் நாம் 'நீண்டுவிட்டது' என்கிறோம்.

ஆகவே நல்ல சங்கிலியின் இரகசியம் ஊசியின் மேற்பரப்பில் இருக்கிறது. வெளியே தேயாத கடினம் வேண்டும். உள்ளே அதிர்ச்சியைத் தாங்கும் இளக்கம் வேண்டும். எஃகைச் சூளையில் பக்குவப்படுத்தும் வெப்பப் பதனம் இதைத் தருகிறது. பக்குவம் தவறினால் அளவெல்லாம் சரியாக இருந்தும் சங்கிலி விரைவில் தேயும்.

முதல் மாற்றம்: உறுப்புகள் கூடின

1970-களில் வண்டி வாங்குவோருக்குப் புல்லட், ராஜ்தூத், ஜாவா, எஸ்டி என விரல்விட்டு எண்ணக்கூடிய பெயர்களே இருந்தன. சோழவரத்துப் பழைய விமான ஓடுபாதையில் நடந்த பந்தயங்களைக் காண மக்கள் திரண்ட காலம் அது. 1984 முதல் 1986 வரையிலான ஆண்டுகளில் ஜப்பானியத் தொழில்நுட்பத்துடன் 100 சி.சி. வண்டிகள் வந்தன: ஓசூரிலிருந்து இண்ட்-சுசுகி, வடக்கிலிருந்து ஹீரோ ஹோண்டாவும் யமஹாவும், மேற்கிலிருந்து கவாசாகி பஜாஜ். அலுவலகம் செல்வோர் கேட்ட முதல் கேள்வி, "லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்?" என்பதாயிற்று.

இவற்றில் ஹீரோ ஹோண்டா நான்கு வீச்சு; மற்ற மூன்றும் இரண்டு வீச்சு. இரண்டு வீச்சு எஞ்சினில் வால்வு கிடையாது. புதுக் கலவை உள்ளே வரும்போதே பழைய புகையைத் தள்ளிக்கொண்டு வெளியேற்றுகிறது. அப்போது உள்வழியும் வெளிவழியும் ஒருசேரத் திறந்திருப்பதால், புதுக் கலவையில் ஒரு பகுதி எரியாமலே வெளியேறிவிடும். சில நிலைகளில் இது கால் பங்கைத் தாண்டும். பெட்ரோலோடு கலந்த எண்ணெயும் எரிந்து நீலப் புகையாகும். புகைக் கட்டுப்பாடுகள் 1996, 2000 எனப் படிப்படியாக இறுகியபோது, இரண்டு வீச்சு மோட்டார் சைக்கிள்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. ஆர்.எக்ஸ்.100 உற்பத்தி 1996-இல் நின்றது. டி.வி.எஸ். மொபெட்டும் 2015-இல் நான்கு வீச்சுக்கு மாறியது.

இங்கே உறுப்புக் கணக்கைக் கவனியுங்கள். இரண்டு வீச்சு எஞ்சினில் இல்லாத வால்வு, வால்வு சுருள்வில், கேம் தண்டு, ராக்கர், பல வண்டிகளில் கேம் தண்டைச் சுழற்றும் சிறு சங்கிலி ஆகியவை நான்கு வீச்சு எஞ்சினில் உண்டு. எனவே இந்த மாற்றம் உறுப்புச் செய்வோருக்கு வேலையைக் கூட்டியது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்தபோது கார்புரேட்டர் போய், மின்னணுக் கட்டளைப்படி பெட்ரோலைத் தெளிக்கும் கருவி வந்தது. திருகாணியைத் திருப்பி, காதால் கேட்டு எஞ்சினைச் சீர்செய்த மரத்தடி மெக்கானிக்குக் கணினிக் கருவி தேவைப்பட்டது.

இரண்டாவது மாற்றம்: உறுப்புகள் குறைகின்றன

மின்சார வண்டியின் கணக்கு வேறு. ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 9 யூனிட் ஆற்றல் உள்ளது. அதைக் கொண்டு ஒரு வண்டி 50 கி.மீ. ஓடுகிறது என்க. மின்சார ஸ்கூட்டர் ஒன்று அதே தொலைவை ஏறத்தாழ ஒன்றரை யூனிட்டில் கடக்கும். பெட்ரோல் எஞ்சின் தன் ஆற்றலில் பெரும்பகுதியை வெப்பமாக வீணாக்குகிறது. மின்மோட்டாரோ பெரும்பகுதியைச் சுழற்சியாக மாற்றுகிறது. மேலும் மின்மோட்டார் நின்ற நிலையிலேயே முழு முறுக்கு விசை தரும். அதனால் கிளட்சும் கியரும் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. வெடிப்பு இல்லாததால் 'டப் டப்'பும் இல்லை.

போகும் உறுப்புகளை எண்ணுங்கள்: பிஸ்டன், வளையம், வால்வு, கேம் தண்டு, ஸ்பார்க் பிளக், சைலன்சர், கிளட்ச் தகடு. மின்சார வண்டியிலும் நிலைப்பவை: சட்டக் குழாய், அதிர்வுதாங்கி, பிரேக், சக்கரம், பேரிங், விளக்கு. சங்கிலியின் நிலை இரண்டுங்கெட்டான். சில வண்டிகளில் அது உண்டு. சிலவற்றில் அதற்குப் பதில் பட்டை. சிலவற்றில் மோட்டார் சக்கரத்தின் உள்ளேயே இருப்பதால் இரண்டும் இல்லை. புதிதாக வருபவை: காந்தம், செம்புச் சுருள், மின்கலத் தொகுதி, மின்னணுக் கட்டுப்பாட்டுப் பலகை.

இதனால் ஒரே தெருவிலுள்ள இரண்டு பட்டறைகளுக்கு இரண்டு விதமான எதிர்காலம் ஏற்படலாம். பிரேக் உறுப்பு கடையும் லேத் தொடர்ந்து ஓடும். வால்வு உறுப்பு மட்டுமே கடையும் லேத் வேறு வேலை தேட வேண்டும். பெரிய ஆலைகள் மாறத் தொடங்கிவிட்டன. அம்பத்தூரில் சைக்கிளோடு தொடங்கிய குழுமம் 2022-இல் மின்சார மூன்று சக்கர வண்டியை அறிமுகப்படுத்தியது. கடன் வாங்கி ஓர் எந்திரம் போட்ட சிறு பட்டறைக்கு அது அவ்வளவு எளிதல்ல.

வண்டி பூட்டும் இடமும் நகர்ந்துவிட்டது. பூந்தமல்லியைத் தாண்டி மேற்கே செல்லுங்கள். ஒரகடத்தில் 2013-இலும் வல்லம் வடகாலில் 2017-இலும் ராயல் என்ஃபீல்டு புதிய ஆலைகளைத் திறந்தது. யமஹாவின் சென்னை ஆலை 2015-இல் வந்தது. அதே பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டிய மாவட்டங்களில், இராணிப்பேட்டையிலும் போச்சம்பள்ளியிலும் ஓசூரிலும் 2021-இல் மின்சார ஸ்கூட்டர் ஆலைகள் எழுந்தன.

மாற்றம் ஒரே நாளில் நிகழ்ந்துவிடாது. 2024-இல் இந்தியாவில் விற்ற இருசக்கர வண்டிகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் பெட்ரோல் வண்டிகளே. இருக்கும் வண்டிகளைப் பழுதுபார்க்கவே பல ஆண்டுகளுக்கு மாற்று உறுப்புகள் வேண்டும். இந்த இடைவெளிக் காலம் பயன்படுத்திக்கொள்ள வேண்டிய காலம். ஐ.டி.ஐ.யில் டர்னரோ ஃபிட்டரோ படிக்கும் மாணவர் அளவெடுக்கும் துல்லியத்தையும் வெப்பப் பதனத்தையும் கற்றால், அவை எந்த வண்டிக்கும் உதவும். அவற்றோடு மோட்டார்ச் சுருளும் மின்னணுச் சுற்றும் தெரிந்தால் இரண்டு பக்கமும் வேலை கிடைக்கும்.

செய்து பாருங்கள்

உங்கள் சைக்கிள் சங்கிலியின் ஓர் ஊசி மையத்திலிருந்து அடுத்த ஊசி மையம் வரை அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. பல 100 சி.சி. மோட்டார் சைக்கிள்களிலும் இதே அளவுதான். சைக்கிளை நிறுத்தி, சங்கிலியை இறுக்கமாக வைத்துக்கொண்டு, 24 இடைவெளிகளை அளவுகோலால் அளவிடுங்கள். புதுச் சங்கிலியானால் சரியாக 12 அங்குலம் இருக்கும். 12 அங்குலத்திற்கு மேல் எட்டில் ஒரு பங்கு அங்குலம் கூடியிருந்தால் சங்கிலியை மாற்றும் காலம் வந்துவிட்டது. மாற்றாவிட்டால் பற்சக்கரத்தின் பற்களும் தேய்ந்துபோகும். மோட்டார் சைக்கிளில் இதை அளக்க விரும்பினால், எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்த பிறகே கை வையுங்கள்.