வீட்டரங்கக் கணினிக்கு ஏற்ற டியூனர் அட்டை

வானில் உலவும் தொலைக்காட்சி அலையைப் பற்றி, அதனைக் கணினிக்கு விளங்கும் எண்வடிவில் ஒப்படைப்பது டியூனர் அட்டையின் தொழிலாகும். இல்லத்துப் பெருந்திரையோடு இணைந்து, நிகழ்ச்சிகளைப் பதிந்துவைத்து, ஓய்வு வாய்த்தபோது காட்டும் கணினியையே வீட்டரங்கக் கணினி என்பர். அதற்கென அட்டை வாங்கப் புகுவோர் முதலில் விலையையும் பெட்டியின்மேல் அச்சிட்ட புகழுரையையும் நோக்குவர். அவை பின்னர் நோக்கற்பாலன. அட்டையானது ஒளிபரப்போடும், கணினியின் தாய்ப்பலகையோடும், அதனை இயக்கும் மென்பொருளோடும் ஒருங்கே பொருந்துமா என்பதே முதல் வினா. மூன்றில் ஒன்று பிழைப்பினும் கொடுத்த பணம் வீணாகும். இதனை விளக்க அமெரிக்க ஐக்கிய நாட்டின் வரலாற்றையே பெரிதும் எடுத்துக்கொள்வோம்.

அந்நாட்டில் முன்னர் வழங்கிய என்.ரி.எஸ்.சி. முறை 525 வரிகளும் வினாடிக்கு ஏறத்தாழ 30 படங்களும் உடையது. ஐரோப்பாவிற் பரவலாக வழங்கியதும் இலங்கை மேற்கொண்டதுமான பால் முறையோ 625 வரிகளும் 25 படங்களும் உடையது. எண்முறை வந்தபின்னும் இவ்வேற்றுமை நீங்கவில்லை. அமெரிக்கர் ஏ.ரி.எஸ்.சி. முறையையும், ஐரோப்பியர் டி.வி.பி.-ரி முறையையும் கைக்கொண்டனர். ஒன்றற்கு அமைந்த அட்டை மற்றதன் நாட்டில் ஊமைப் பொருளேயாம். 2009 ஜூன் 12இல் அமெரிக்காவின் முழுவலு நிலையங்கள் பழைய முறை ஒளிபரப்பை நிறுத்தவே, அதுகாறும் செம்மையாய் இயங்கிய எண்ணிறந்த அட்டைகள் அந்நிலையங்களுக்குச் செவிடாயின. கம்பிவழிச் சேவையை நம்பியிருந்தோர் சிறிதுகாலம் தப்பினர். 2012இல் அடிப்படைச் சேவையையும் மறைகுறியாக்க அரச ஆணைக்குழு இசைவளித்தபின் அவ்வழியும் குறுகிற்று.

இனி, படத்தைச் சுருக்கும் பணி யாருடையது என்பதை ஆராய்வோம். ஈண்டே பலர் மயங்குவர். தொடக்ககாலத்து மலிவான அட்டைகள் படத்தைச் சுருக்காது அப்படியே கணினியிடம் தள்ளின. 720 புள்ளி அகலமும் 480 வரி உயரமுமுடைய படத்துக்குப் புள்ளியொன்றுக்கு 2 பைற் வீதம், வினாடிக்கு 30 படமெனக் கணித்தால், வினாடிக்கு 20 மெகாபைற்றுக்கு மேல் வரும். அதனை அக்கணமே சுருக்குவது அக்காலத்துக் கணினிக்குப் பெருஞ்சுமை. ஹாப்பாஜ் நிறுவனத்தாரின் பி.வி.ஆர்.-250, 350 ஆகிய அட்டைகள் எம்பெக்-2 முறையிற் சுருக்கும் சில்லைத் தம்மிடத்தே கொண்டிருந்தமையாற் பெரிதும் விரும்பப்பட்டன. 2002இல் தோன்றிய மித் ரி.வி. என்னும் கட்டற்ற மென்பொருளைக் கையாண்டோர்க்கு இவை உற்ற துணையாயின.

எண்முறை ஒளிபரப்பில் நிலைமை தலைகீழானது. நிலையமே படத்தைச் சுருக்கி அனுப்புகின்றது. அட்டை அதனைப் பெற்று வன்தட்டில் எழுதினாற் போதும். ஏ.ரி.எஸ்.சி. அலைவரிசையொன்று வினாடிக்கு 19.39 மெகாபிற் சுமக்கும். முழுதும் பதிந்தால் மணிக்கு ஏறத்தாழ 8.7 கிகாபைற் இடம்பிடிக்கும். ஆதலின், சுருக்கும் சில்லுக்கென இன்று மிகைவிலை கொடுத்தல் பழைய ஒளிநாடாக்களைப் படியெடுப்போர்க்கன்றி ஏனையோர்க்கு வேண்டாத செலவு. இதனை விற்பனையாளர் எடுத்துரைப்பது அரிது.

பலகையின் பொருத்தம் எளிதில் அறியத்தக்கது. பழைய பி.சி.ஐ. அட்டை புதிய பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் துளையிற் புகாது. ஒடுங்கிய பெட்டியாயின் உயரங்குறைந்த அட்டையே வேண்டும். இயக்கியின் பொருத்தமே கடினமானது. ஒரே பெயரில் விற்கப்படும் அட்டையின் உள்ளே காலத்துக்குக் காலம் வேறு சில்லு அமைவதுண்டு. எனவே பெயரை மட்டும் நம்பாது, சில்லு இன்னதென்றும், நமது இயங்குதளத்தில் அதற்கு இயக்கி உண்டோ என்றும் அறிந்தே வாங்கல் வேண்டும். விண்டோஸ் மீடியா சென்ரரை நம்பிக் கணினி அமைத்தோர், 2015இல் வெளிவந்த விண்டோஸ் 10இல் அஃது இல்லாமை கண்டு திகைத்தனர். வலையமைப்பு வழியே இணையும் எச்.டி.ஹோம்ரன் போன்ற கருவிகள் துளை, உயரம் என்னும் தொல்லைகளினின்று நம்மை விடுவிக்கின்றன. புதிதாய் அமைப்போர்க்கு யாம் பரிந்துரைப்பது இவ்வகையையே.

எனினும் எவ்வகைக் கருவிக்கும் எட்டாத தடையொன்று உண்டு. பின்னர்ப் பார்த்தற்பொருட்டு ஒளிபரப்பை வீட்டிற் பதிதல் குற்றமன்றென அமெரிக்க உச்சநீதிமன்றம் 1984இல் தீர்ப்பளித்தது. வீட்டரங்கக் கணினி அத்தீர்ப்பின் நிழலிலேயே வளர்ந்தது. 2017இல் அனுமதிபெற்ற ஏ.ரி.எஸ்.சி. 3.0 முறையிலோ, நிலையங்கள் பல தமது ஒளிபரப்பை மறைகுறியாக்கி அனுப்பலாயின. அலையைப் பெறும் ஆற்றல் கருவிக்கு இருந்தும், திறவுகோல் பெறாதவிடத்துப் படம் தோன்றாது. மறைகுறியற்ற நிலையங்களிலும், ஏசி-4 என்னும் புதிய ஒலிமுறையை மென்பொருள் அறியாவிடிற் படம் வரும், ஓசை வராது. ஆகவே 3.0 எனும் எண்ணைக் கண்டு மகிழுமுன், தம் ஊர் நிலையங்கள் எவ்வாறு அனுப்புகின்றன என்று கேட்டறிதல் நன்று.

ஒன்றைப் பார்த்துக்கொண்டே மற்றொன்றைப் பதிய விரும்புவோர் இரட்டை டியூனர் கொண்ட கருவியையே நாடுக. தனித்தனி அட்டை இரண்டாயின், வானலைக்கம்பியின் வடத்தை வெளியே பிரிக்க நேரும். பிரிப்பான் ஒவ்வொரு கிளையிலும் ஏறத்தாழ 3.5 டெசிபெல் வலுவை இழப்பிக்கும். நிலையத்துக்கு அண்மையில் வாழ்வோர் அதனை உணரார். தொலைவில் இருப்போர் திரையிற் படம் கட்டங்கட்டமாய்ச் சிதறக் காண்பர்.