பாஸ் அவுட் ஆனீர்களா, மயங்கி விழுந்தீர்களா?

"ஐ பாஸ்டு அவுட் ஃப்ரம் காலேஜ் இன் 2019." நம்மூர் பயோடேட்டாக்களில் சர்வசாதாரணமாகத் தென்படும் வரி. சென்னையில் இருக்கும் ஹெச்.ஆர். அதிகாரி இதைப் படித்துவிட்டுப் பேசாமல் அடுத்த வரிக்குப் போய்விடுவார். '2024 பாஸ் அவுட் மட்டும் விண்ணப்பிக்கவும்' என்று விளம்பரம் கொடுப்பவரே அவர்தானே! அதே வரி நியூயார்க்கில் ஒருவர் கைக்குப் போனால், இவர் கல்லூரியில் மயங்கி விழுந்த கதை நமக்கெதற்கு என்று குழம்புவார்.

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் அன்றாடப் பேச்சில் பாஸ் அவுட் என்றால் நினைவிழப்பதுதான். "ஷி பாஸ்டு அவுட் இன் தி ஹீட்" என்றால், வெயில் தாங்காமல் மயங்கிவிட்டாள். ஃபெயின்ட் என்ற சொல்லும் இதற்கு உண்டு. ஆனால் அது சட்டென வந்து சீக்கிரம் தெளிகிற மயக்கம். பாஸ் அவுட் இன்னும் விரிந்தது. குடித்துவிட்டுக் கிடப்பவனையும் அது சேர்த்துக்கொள்ளும். "ஹி பாஸ்டு அவுட் ஆன் தி சோஃபா" என்று பார்ட்டி முடிந்து ஒருவர் சொன்னால், ஆள் மட்டை என்று புரிந்துகொள்ளுங்கள். மயக்கம் தெளிவதற்கு 'கம் ரவுண்ட்' என்பார்கள்.

மயங்குவது என்ற பொருளில் வரும்போது பாஸ் அவுட்டுக்குச் செயப்படுபொருள் கிடையாது. வெயிலோ வலியோ ஒருவரை 'பாஸ் அவுட்' செய்யாது, அவராகத்தான் ஆவார். காரணத்தைச் சொல்ல 'ஃப்ரம்' போடலாம்: "பாஸ்டு அவுட் ஃப்ரம் தி பெயின்", அதாவது வலி பொறுக்காமல் மயங்கினார். இப்போது நம் பயோடேட்டா வரியை மறுபடி படித்துப் பாருங்கள். கல்லூரியின் கொடுமை தாங்காமல் மயங்கியதாகவே ஒலிக்கும். சிலருக்கு அது உண்மையாகவும் இருக்கலாம்.

வகுப்பில் வினாத்தாள் கொடுப்பது போல, வரிசையாக வழங்குவதற்கும் இதே சொல் பயன்படும். அப்போது செயப்படுபொருள் வேண்டும். "பாஸ் அவுட் தி பேப்பர்ஸ்", "பாஸ் தி பேப்பர்ஸ் அவுட்" இரண்டும் சரி. 'தெம்' போன்ற பிரதிப்பெயர் வந்தால் மட்டும் அது நடுவில்தான் நிற்கும்: "பாஸ் தெம் அவுட்". 'ஹேண்ட் அவுட்' என்றாலும் இதேதான்.

அப்படியானால் நம் பயன்பாடு அடியோடு தவறா? இல்லை. ராணுவப் பயிற்சியை முடித்து வெளியேறுவதை பிரிட்டிஷ் ஆங்கிலம் பாஸ் அவுட் என்றே சொல்கிறது. டேராடூன் இந்திய ராணுவ அகாடமியிலும், சென்னை பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமியிலும் பயிற்சி முடிந்ததும் நடப்பது 'பாஸிங் அவுட் பரேடு'தான். அணிவகுப்பு மைதானத்தில் இருந்த சொல்லை நாம் பொறியியல் கல்லூரிக்கும் நீட்டிவிட்டோம் என்றே எனக்குப் படுகிறது. பரீட்சையில் 'பாஸ்' ஆவது கூடவே இருந்ததால் யாருக்கும் உறுத்தவுமில்லை.

எனவே இந்தியாவுக்குள் இது செல்லுபடியாகும் இந்திய ஆங்கிலம், கூச்சப்பட வேண்டியதில்லை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கோ நிறுவனத்துக்கோ எழுதினால் மட்டும் "ஐ கிராஜுவேட்டட் ஃப்ரம்" என்று தொடங்கிக் கல்லூரியின் பெயரைப் போடுங்கள். அந்த 'ஃப்ரம்' இல்லாமல் அமெரிக்கர்கள் சிலர் பேசுவதுண்டு. விண்ணப்பத்தில் அது வேண்டாம்.