காலடியில் ஒரு கரகரப்பு

வானொலிக் கூடத்தில் பழைய ஒலிக்கலவைப் பலகையின் ஃபேடரை மேலே தள்ளினால் ஒரு 'கரகர' கேட்கும். அறிவிப்பாளர்கள் எல்லாருக்கும் அது பழகிய சத்தம். அதே கரகரப்பு, சத்தமே போடாமல், விமான சிமுலேட்டரின் ரடர் பெடலுக்குள்ளும் குடியிருக்கிறது என்பது என் அக்கா மகனால்தான் எனக்குத் தெரியவந்தது.

பையனுக்கு 16 வயது. விமானி ஆகும் கனவு. கணினியில் செஸ்னா 172 ஓட்டிப் பழகுகிறான். ஓடுபாதையில் வேகமெடுத்ததும் விமானம் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு புல்லுக்குள் போய்விடும். "எனக்கு இது வராது போல, மாமா" என்றான்.

ஒற்றைச் சுழல்விசிறி விமானம் புறப்படும்போது இடப்பக்கம் திரும்பப் பார்ப்பது இயல்புதான். வலக்காலால் ரடரை மிதித்து நேராக்க வேண்டும். புதிதாகப் பழகுபவர்கள் திணறும் இடம் அது. கருவியின் பழுது ஒளிந்துகொள்ளவும் அதைவிட வசதியான இடம் கிடையாது. சோதித்துப் பார்த்தோம். பெடலில் காலே வைக்காதபோதும் திரையில் இடது பிரேக்கின் அளவு துடித்துக்கொண்டிருந்தது. இவன் வலக்காலால் மிதிக்க, அது இடது சக்கரத்தைப் பிடித்து இழுத்திருக்கிறது. வாங்கி ஒன்றரை ஆண்டுகூட ஆகவில்லை.

விலை குறைந்த பெடல்கள் பலவற்றில் இருப்பது பொட்டென்ஷியோமீட்டர். கரிப்பூச்சுப் பாதைமீது ஒரு சிறு தொடுமுனை உரசி நகரும்; அது நிற்கும் இடத்துக்கு ஏற்ப மின்னழுத்தம் மாறும். நம் ஃபேடரும் அப்படித்தான். உரசினால் தேயாமல் இருக்குமா? ரடரில் கால் பெரும்பாலும் நடுவிலேயே ஊசலாடுவதால் நடுப்பகுதிதான் அதிகம் அடிவாங்கும். நுணுக்கம் அதிகம் வேண்டியதும் அங்கேதான். போதாததற்கு, தரையில் கிடக்கும் பொருள் என்பதால் தூசியும் சேர்ந்துகொள்ளும்.

ஹால் சென்சார் வைத்த பெடல்களில் இந்தத் தொல்லை இல்லை. 1879ல் எட்வின் ஹால் கண்டறிந்த காந்த விளைவில் அது இயங்குகிறது. எதுவும் எதையும் தொடுவதில்லை. விலைதான் கூடுதல்.

ஆனால் சென்சாரை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது. பிளாஸ்டிக் தடத்தில் வழுக்கும் பெடல் முதலில் ஒட்டிக்கொள்ளும், பிறகு சட்டென்று தாவும். ஒரு மில்லிமீட்டர் நகர்த்த நினைத்தால் ஐந்து நகரும். சிலவற்றில் இரு பெடல்களும் மிக நெருக்கம், முழங்கால்கள் முட்டிக்கொள்ளும். சாய்வு சரியில்லாவிட்டால் ரடரை மிதிக்கும்போதே பிரேக்கும் அழுந்தும். எடை குறைவு என்பது கடையில் நன்றாகத்தான் இருக்கும். நம் வீட்டு டைல்ஸ் தரையில் வைத்து மிதித்தால் பெடல் முன்னே ஓடும், சக்கர நாற்காலி பின்னே ஓடும். வெறுங்காலோடு ஓட்டும் நம் பிள்ளைகளின் பாதத்தை அந்த வரிவரியான பிளாஸ்டிக் என்ன பாடு படுத்தும் என்று வடிவமைத்தவர் யோசித்திருக்கமாட்டார்.

எங்கள் கூடத்து ஃபேடருக்கு அடிக்கும் கான்டாக்ட் கிளீனரை அக்கா மகனின் பெடலுக்கும் அடித்தோம். துடிப்பு அடங்கியது. தேய்ந்த பாதையை ஸ்பிரே வளர்த்துத் தராது. துடிப்பு திரும்பினால் அந்தப் பாகத்தையே மாற்ற வேண்டும்.

பழைய பெடல் வாங்கப் போகிறவர்கள் மடிக்கணினியைக் கையோடு கொண்டுபோங்கள். விண்டோஸில் கேம் கன்ட்ரோலர் பக்கத்தைத் திறந்து, காலை எடுத்துவிட்டு ஒரு நிமிடம் திரையைப் பாருங்கள். பிறகு மெதுவாக, மிக மெதுவாக மிதியுங்கள். கோடு துள்ளினால், விற்பவர் எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம்.