உடலைச் சூழும் ஒளி: கண்டது மெய், கொண்ட பொருள் மெய்யா?

பரந்தன் - முல்லைத்தீவு வீதியில் அமைந்துள்ள விசுவமடு, குளத்தையும் வயலையும் நம்பி வாழும் ஒரு விவசாயக் கிராமமாகும். அங்கு மாரிகாலக் காலைப்பொழுதொன்றில், பனி படர்ந்த வயல் வரம்பில் சூரியனுக்கு முதுகு காட்டி நின்ற நாம், பயிரின் மீது விழுந்த எமது நிழலின் தலையைச் சுற்றி வெள்ளொளி படர்ந்திருக்கக் கண்டோம். அருகில் நின்ற நண்பரின் நிழலில் அவ்வொளி இல்லை. அவரோ ஒளி தமது தலையைச் சுற்றியே இருப்பதாகவும், எமது நிழலில் எதுவும் இல்லை என்றும் சாதித்தார்.

அதே ஊரில் தாயொருவரையும் சந்தித்தோம். 2009 ஜனவரியில் விசுவமடு மக்கள் கிழக்கே இடம்பெயர்ந்தபின், மகனைத் தவறவிட்டவர் அவர். மகனின் புகைப்படத்தைப் பார்த்த ஒருவர், படத்தைச் சுற்றி ஒளி தெரிகிறது, ஆள் உயிருடன் உள்ளார் என்றாராம். மற்றொருவர் ஒளி அணைந்துவிட்டது என்றாராம். யாரை நம்புவது என அத்தாய் எம்மிடம் கேட்டார்.

ஆங்கிலத்தில் ‘ஆரா’ எனப்படும் இவ்வொளிவட்டத்தைக் கண்டதாகக் கூறுவோர் அனைவரும் பொய்யர்கள் அல்லர். வயலில் நாம் கண்டதும் மெய்யே. இலையிலுள்ள பனித்துளிகள் சிறு வில்லைகளாகச் செயற்பட்டுச் சூரிய ஒளியை இலையின் மேல் குவிக்கின்றன. அவ்வொளி வந்த வழியே பெருமளவு திரும்புகின்றது. அவ்வழியில் உள்ள கண்ணுக்கே அது தெரியும். எனவேதான் ஒவ்வொருவரும் தமது தலையைச் சுற்றி மட்டும் ஒளியைக் காண்கின்றனர். 16 ஆம் நூற்றாண்டு இத்தாலியச் சிற்பி செல்லினி, இதனைத் தமக்குக் கிடைத்த தெய்வ அருளின் அடையாளமாகவே கருதிவிட்டார்.

மனிதரைச் சுற்றி நிறம் தெரிவதற்கும் காரணம் உண்டு. மஞ்சள் சேலை உடுத்த ஒருவரை வெள்ளைச் சுவரின் முன் நிறுத்தி, அரை நிமிடம் பார்வையை அசைக்காது நோக்கினால், ஓரத்தில் நீலச்சாயல் தோன்றும். ஒரு நிறத்தில் களைப்படைந்த கண், அதன் எதிர்நிறத்தைக் காட்டுவதே இதற்குக் காரணமாகும்.

இன்னும் சிலருக்கு இது பிறவி இயல்பாகவே அமைகின்றது. தமிழகத்தில் பிறந்து, அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய நரம்பியல் அறிஞர் வி.எஸ். இராமச்சந்திரனும் அவரது குழுவினரும், மனிதர்களின் முகத்தைச் சுற்றி நிறங்களைக் கண்ட இளைஞர் ஒருவரை ஆராய்ந்து 2012 இல் முடிவுகளை வெளியிட்டனர். அவர் நிறங்களை மெய்யாகவே கண்டார் எனவும், ஒரு புலன் தூண்டப்படுகையில் மற்றொன்றும் சேர்ந்து விழிக்கும் ‘புலன்கலப்பின்’ புதிய வகை இதுவெனவும் அவர்கள் விளக்கினர். நிறம் பிறந்தது பார்த்தவரின் மூளையிலேயன்றிப் பார்க்கப்பட்டவரின் உடலில் அன்று.

மனித உடல் ஒளிர்வதும் உண்மையே. ஆனால் அவ்வொளி வெறுங்கண்ணால் காணத்தக்க அளவிலும் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு மங்கலானது என ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009 இல் அறிவித்தனர்.

பிறர் உடலின் சக்தியைக் கையால் உணர முடியும் என்போரையும் அமெரிக்கச் சிறுமி எமிலி ரோசா சோதித்துப் பார்த்தார். திரைக்கு அப்பால் கைகளை நீட்டிய 21 பேரிடம், தமது கை அவர்களது எக்கைக்கு மேலே உள்ளது என அவர் வினவினார். 280 தடவைகளில் 123 தடவைகள் மட்டுமே விடை சரியாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஊகித்திருந்தாலும் பாதியளவு சரியாகியிருக்கும். இவ்வாய்வு 1998 இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியானது.

ஒளி எமது இரு சமூகங்களுக்கும் புதிதன்று. கோயில் திருவுருவத்தின் பின்னே திருவாசி உண்டு. நல்லடியாரின் முகத்தில் ‘நூர்’ தெரிகிறது என்பது முஸ்லிம் வீடுகளில் வழங்கும் பேச்சு. இவை ஒழுக்கத்துக்கும் இறைபக்திக்கும் செய்யும் மரியாதையேயன்றி, மறைவானதை அறியும் கருவிகள் அல்ல. மறைவானவற்றின் அறிவு இறைவனுக்கே உரியது என்பதும், குறிசொல்வோரை நாடலாகாது என்பதும் இஸ்லாத்தின் தெளிவான போதனையாகும்.

வயலில் நின்ற இருவரும் வெவ்வேறு ஒளியைக் கண்டனர். படத்தைப் பார்த்த இருவரும் வெவ்வேறு தீர்ப்பைக் கூறினர். முன்னதால் எவருக்கும் நட்டமில்லை. பின்னதோ ஒரு தாயின் உறக்கத்தைப் பறித்தது. ஆயினும் அவரை அறியாமை உடையவர் என இகழ்வது அநீதியாகும். காணாமற்போனோர் அலுவலகத்துக்கான சட்டம் 2016 இல் நிறைவேறியது; 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் உறவுகள் வீதியோரத்தில் போராட்டத்தைத் தொடங்கினர். சொல்ல வேண்டியவர்கள் விடை சொல்லாத இடத்திலேயே ஒளி பார்ப்போருக்கு வேலை பிறக்கின்றது.

அத்தாயின் கேள்விக்கான விடை, சரணடைந்தோர் பற்றிய பதிவுகளிலும், தடுத்து வைக்கப்பட்டோரின் பட்டியல்களிலும், புதைகுழி அகழ்வுகளிலும், மரபணுப் பரிசோதனைகளிலுமே தேடப்பட வேண்டியது. அதனைத் தேடித்தரும் பொறுப்பு அரசுக்கு உண்டு. அதுவரை அப்புகைப்படத்தை ஒளி பார்ப்போரிடம் கொண்டு செல்லாது, பத்திரமாக வைத்திருக்குமாறே அவரிடம் கூறினோம். அது ஒரு சாட்சியம்.