பரிசோதனையோடு முடிவதில்லை பயணம்

புக்கிட் பாஞ்சாங் வட்டாரத்துக்கு 2021ஆம் ஆண்டில் சொந்தமாகப் பலதுறை மருந்தகம் கிடைத்தது. காய்ச்சல், தாத்தாவின் நீரிழிவு, பாட்டியின் ரத்த அழுத்தம் என எல்லாவற்றுக்கும் அங்கு வரிசை எண் எடுக்கலாம். எச்ஐவி பரிசோதனை பற்றியும் மருத்துவரிடம் கேட்கலாம். ஆனால், கேட்க மனம் வருமா?

பதிவு செய்யும்போது அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். காத்திருக்கும் இடத்தில் எதிர்வீட்டு ஆன்ட்டி உட்கார்ந்திருக்கலாம். இந்த இரண்டு நினைப்பும் போதும், பலர் வாசலோடு திரும்பிவிடுவார்கள்.

அதே புக்கிட் பாஞ்சாங்கில் டௌன்டவுன் ரயிலில் ஏறினால், லிட்டில் இந்தியாவுக்கு அடுத்த நிலையம் ரோச்சோர். அங்கிருந்து நடக்கும் தூரத்தில், கிளந்தான் லேனில் டிஎஸ்சி மருந்தகம் இருக்கிறது. அதே கட்டடத்தில் 1988ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ‘ஆக்‌ஷன் ஃபார் எய்ட்ஸ்’ அமைப்பு, பெயர் கேட்காமல் எச்ஐவி பரிசோதனை செய்கிறது. அங்கு அடையாள அட்டை தேவையில்லை. ஓர் எண் தருவார்கள். விரல் நுனியில் ஒரு துளி ரத்தம் எடுப்பார்கள். சற்று நேரம் காத்திருந்தால் முடிவு தெரிந்துவிடும்.

வீட்டுப் பக்கத்தில் மருந்தகம் இருந்தும் ஒருவர் ரயிலேறிப் போகிறார் என்றால், அவர் தேடுவது மருத்துவத்தை மட்டுமல்ல, நம்பிக்கையையும்தான்.

தாமதமே ஆபத்து

சிங்கப்பூரில் எச்ஐவி கிருமித்தொற்று முதன்முதலில் 1985ல் கண்டறியப்பட்டது. 2007 முதல் 2017 வரை ஆண்டுக்கு 400 முதல் 500 பேர் வரை புதிதாகக் கண்டறியப்பட்டனர். 2022ல் அந்த எண்ணிக்கை 202க்குக் குறைந்தது. இது நல்ல செய்திதான். ஆனால், அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று முற்றிய நிலையில்தான் தெரியவந்தது. அறிகுறி ஏதும் இல்லாமல் பல ஆண்டுகள் உடலில் தங்கியிருந்து நோய் எதிர்ப்பாற்றலைக் குலைக்கும் கிருமி இது. உடம்புக்கு முடியாமல் போன பிறகு பரிசோதித்தால், சிகிச்சை கடினமாகிவிடும்.

முன்கூட்டியே தெரிந்துகொண்டால் நிலைமையே வேறு. இன்று பலருக்கு நாளுக்கு ஒரு மாத்திரை போதும். தவறாமல் சாப்பிட்டு வந்தால், பெரும்பாலோருக்கு ஆறு மாதங்களுக்குள் ரத்தத்தில் உள்ள கிருமியின் அளவு சோதனையில் தெரியாத அளவுக்குக் குறைந்துவிடும். அந்த நிலை நீடிக்கும்வரை பாலுறவின் மூலம் தொற்று மற்றவருக்குப் பரவாது என்பதைப் பெரிய ஆய்வுகள் உறுதி செய்துள்ளன. அதனால்தான், அந்த நிலையில் இருப்போர் பாலுறவுத் துணையிடம் தொற்றைப் பற்றிக் கட்டாயம் தெரிவிக்க வேண்டியதில்லை என்ற சட்டத் திருத்தத்தை 2024 மார்ச்சில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது.

மூன்று கண்ணிகள்

ஐக்கிய நாட்டு எய்ட்ஸ் அமைப்பு 2025ஆம் ஆண்டுக்கு வைத்த இலக்கை 95-95-95 என்பார்கள். தொற்று உள்ளோரில் 95 விழுக்காட்டினருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தவர்களில் 95 விழுக்காட்டினர் சிகிச்சை பெற வேண்டும். சிகிச்சை பெறுவோரில் 95 விழுக்காட்டினருக்குக் கிருமி அடங்கியிருக்க வேண்டும். மூன்றும் ஒரே சங்கிலியின் கண்ணிகள். ஒன்று அறுந்தாலும் மற்றவற்றால் பயனில்லை.

இவற்றில் அதிகம் பேசப்படாதது மூன்றாவது கண்ணி. மாத்திரையை விட்டுவிட்டு எடுத்தால், கிருமி மருந்துக்குக் கட்டுப்படாமல் மாறக்கூடும். எனவே, நோயாளி ஆண்டுக்கணக்கில் மருத்துவரிடம் திரும்பத் திரும்ப வர வேண்டும். அவர் ஏன் வராமல் போகிறார்?

ஒரு காரணம் பணம். சிங்கப்பூரில் 2020 செப்டம்பர் முதல் எச்ஐவி மருந்துகளுக்கு அரசாங்க உதவி கிடைப்பதால் தகுதிபெறுவோரின் சுமை குறைந்திருக்கிறது.

இன்னொரு காரணம் தூரம். தமிழ்நாட்டின் அனுபவம் இதைக் காட்டுகிறது. இந்திய அரசு 2004 ஏப்ரல் 1ஆம் தேதி இலவச எச்ஐவி சிகிச்சையைத் தொடங்கியபோது, முதல் சில மையங்களில் சென்னை தாம்பரம் மருத்துவமனையும் ஒன்று. மருந்து இலவசம்தான். ஆனால் அதை வாங்க ஒரு நாள் கூலியையும் பேருந்துக் கட்டணத்தையும் இழக்க வேண்டியிருந்தால் எத்தனை மாதம் வர முடியும்? பின்னர், நோயாளிகளின் ஊருக்கு அருகிலேயே மருந்து தரும் இணைப்பு மையங்கள் வந்தன. உடல்நிலை சீராக உள்ளோருக்குப் பல மாத மருந்தை ஒரே முறையில் தரும் வழக்கமும் வந்தது.

மூன்றாவது காரணம் பயம். 2019 ஜனவரியில், எச்ஐவி பதிவேட்டில் இருந்த 14,200 பேரின் விவரங்கள் இணையத்தில் கசிந்தது தெரியவந்தது. பெயர் வெளியே தெரிந்துவிடுமோ என்று அஞ்சியவர்களின் அச்சம் வீணானதல்ல என்பதை அச்சம்பவம் உணர்த்தியது. பக்கத்திலேயே மருந்தகம் இருந்தால் மட்டும் போதாது. அங்கே ரகசியம் காக்கப்படும் என்ற உறுதியும் வேண்டும்.

தொடக்கம் ஒரு மாணவி

இந்தியாவில் எச்ஐவி இருப்பதை முதலில் வெளிக்கொணர்ந்தவர் ஒரு மாணவி. 1986ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்த செல்லப்பன் நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமன் வழிகாட்டுதலில் ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். வேலூரில் நடந்த சோதனையில் ஆறு மாதிரிகளில் தொற்று தெரிந்தது. ‘நம் ஊரில் இது வராது’ என்று பலர் நினைத்திருந்த காலம் அது. சுனிதி சாலமன் பின்னர் சென்னையில் எச்ஐவி நோயாளிகளுக்கென ஒரு மையத்தையே தொடங்கினார்.

எல்லாரும் ஆய்வுக்கூடத்துக்குப் போக வேண்டியதில்லை. கைகுலுக்குவதாலும் ஒரே தட்டில் சாப்பிடுவதாலும் கொசுக்கடியாலும் எச்ஐவி பரவாது. வகுப்பிலோ வாட்ஸ்அப் குழுவிலோ யாராவது இதை வைத்துக் கேலி செய்தால், இந்த ஒரு வரியைச் சொல்லலாம். நண்பர் தயங்கித் தயங்கிப் பரிசோதனை பற்றிப் பேசினால், காரணம் துருவாமல் “நானும் கூட வரட்டுமா?” என்று கேட்கலாம்.

அந்தக் கேள்வியைக் கேட்க நாலு பேர் இருந்தால், எதிர்வீட்டு ஆன்ட்டியைப் பற்றிய பயம் கொஞ்சம் குறையும். ரோச்சோர் வரை போக வேண்டியவர், ஒருநாள் புக்கிட் பாஞ்சாங்கிலேயே வரிசை எண் எடுப்பார்.