வேருக்குள் ஓர் இரவல் சொல்

காய்ப்பு நின்றுபோன வெண்டைச் செடி ஒன்றைக் கொல்லையிலிருந்து பிடுங்கினேன். வேர் முழுவதும் மணிகள் கோத்தாற்போல் வீங்கியிருந்தது. உடனிருந்த பள்ளி மாணவி, "வேர்முடிச்சு, ஐயா. நைட்ரஜனைச் சேர்த்து வைக்கும்" என்றாள். பாடத்தைச் சரியாகவே படித்திருந்தாள். பிழை நம் கலைச்சொல்லில் இருந்தது. பயற்றினச் செடிகளுக்கு உதவும் பாக்டீரியா வாழும் முண்டுக்கும், நூற்புழு உண்டாக்கும் வீக்கத்துக்கும் நாம் ஒரே பெயரை வழங்கி வருகிறோம். முன்னதை வேர்முண்டு என்றும் பின்னதை வேர்முடிச்சு என்றும் பிரித்து வழங்குவதே நன்று என்பது என் கருத்து. முண்டு வேரின் பக்கத்தில் ஒட்டியிருக்கும். விரலால் தள்ளினால் கழன்றுவிடும். கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். முடிச்சு அவ்வாறு கழலாது. வேரே அங்கு வீங்கியிருக்கிறது.

வீங்கச் செய்தது அரை மில்லிமீட்டர் நீளங்கூட இல்லாத ஓர் இளம்புழு. அது வேர்நுனியருகே நுழைந்து, உயிரணுக்களின் இடையே ஊர்ந்து, நீரும் உணவும் செல்லும் நடுப்பகுதியை அடைகிறது. அங்கே ஊசி போன்ற வாயுறுப்பால் சில உயிரணுக்களைக் குத்தித் தன் சுரப்பைச் செலுத்துகிறது. அந்த உயிரணுக்கள் சாவதில்லை. அவற்றின் கரு மீண்டும் மீண்டும் பிரிகிறது. உயிரணு மட்டும் இரண்டாகப் பிரியாமல் பருத்துக்கொண்டே போகிறது. இவ்வாறு உருவாகும் ஏறத்தாழ 5 முதல் 7 பேரணுக்களே புழுவின் வாழ்நாள் உணவுக்களம். பெண்புழு பின்னர் இடம்பெயரும் ஆற்றலையே இழந்துவிடுகிறது. ஆகவே, அந்த அணுக்களை உயிரோடு வைத்திருப்பது அதற்கு வாழ்வா சாவா என்னும் சிக்கல்.

இதை அது வலிமையால் சாதிப்பதில்லை. எந்த உயிரணு வளர வேண்டும், எது பிரிய வேண்டும் என்பதைச் செடி ஆக்சின், சைட்டோகைனின் முதலிய வளரூக்கிகளால் தன் உறுப்புகளுக்கு உணர்த்துகிறது. உணவுக்களம் அமையும் தொடக்கத்தில் அவ்விடத்தில் ஆக்சின் திரள்கிறது. பீட்ரூட்டைத் தாக்கும் முட்டைக்கூட்டு நூற்புழுவோ (தாய் இறந்தபின் அதன் உடலே முட்டைக்கூடாகிவிடுவதால் இப்பெயர்) சைட்டோகைனினைத் தானே ஆக்கிச் செலுத்துகிறது.

மொழியியலாளனாகிய என்னை நிற்க வைத்தது வேறொன்று. செடிகளில் 12 அல்லது 13 அமினோ அமிலங்களால் ஆன சிறு புரதத் துணுக்குகள் உண்டு. கிளே எனப்படும் இவை, உயிரணுக்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் செய்திகள். சோயா அவரையின் முட்டைக்கூட்டு நூற்புழு இவற்றை ஒத்த துணுக்கைச் சுரக்கிறது. அரபிடாப்சிஸ் என்னும் சிறு செடியில் இத்தகைய செய்தி ஒன்றை இழந்த வகையை எடுத்து, அதில் புழுவின் மரபணுவைப் புகுத்திப் பார்த்தனர். இழந்த செய்தியின் வேலையை அது செய்தது! புழு சொன்ன சொல்லைச் செடி தன் சொல்லாகவே கேட்டது. "புழு செடியை ஏமாற்றுகிறது" என்று வகுப்பில் சொல்வோம். ஏமாற்றும் எண்ணம் புழுவுக்கு இல்லை. வடிவ ஒற்றுமை மட்டுமே அங்குள்ளது. மாணவருக்கு இதைத் தெளிவுறுத்திவிட்டு உவமையைக் கையாளலாம்.

செடியின் காவலையும் புழு தளர்த்துகிறது. நோயெதிர்ப்பில் முதன்மையான சாலிசிலிக் அமிலம் கோரிஸ்மேட் என்னும் பொருளிலிருந்து உருவாகிறது. அந்த மூலப்பொருளை வேறு வழிக்குத் திருப்பும் நொதியைப் புழு சுரக்கிறது. எதிர்ப்பு குன்றுவதற்கு இதுவும் ஒரு காரணமெனக் கருதுகின்றனர்.

செடியும் வாளாவிருப்பதில்லை. நூற்புழுக்கள் தமக்குள் செய்தி பரிமாறப் பயன்படுத்தும் அஸ்கரோசைடு என்னும் பொருளைச் செடிகள் உணர்ந்து எதிர்ப்பைத் தொடங்குவதை 2015இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. காட்டுத் தக்காளியிலிருந்து பயிர்த் தக்காளிக்குக் கொண்டுவரப்பட்ட எம்ஐ-1 என்னும் மரபணு இன்னும் கடுமையானது. அது இருந்தால், புழு குத்திய இடத்திலுள்ள உயிரணுக்கள் தாமே மடிந்து, புழுவைப் பட்டினி போடுகின்றன. ஆனால், மண்ணின் வெப்பம் 28 பாகைக்கு மேல் ஏறினால் இந்தக் காப்பு தளர்ந்துவிடுகிறது. சரவாக் மிளகுக் கொடிகளையும் வேர்முடிச்சுப் புழு வாட்டும் நம் நாட்டில், நண்பகல் வெயிலில் கிடக்கும் மண் அந்த அளவை எளிதில் தாண்டும். எதிர்ப்புத்திறன் உள்ள விதை என்று உறையில் அச்சிட்டிருப்பதை நம்பித் தக்காளி நடுவோர், செடியடி மண்ணை வைக்கோலால் மூடி வெப்பத்தைத் தணிப்பது நல்லது.