கரப்பானுக்குக் காரணம் கத்தரிக்காயா, மரபணுவா?

கைக்குழந்தையின் கன்னம் சிவந்து, முழங்கை மடிப்பில் தோல் தடித்து, சொறியச் சொறிய நீர் வடிந்தால் வீட்டில் முதல் விசாரணை தாயிடம்தான் நடக்கும். மாசமாக இருந்தபோது கருவாடு சாப்பிட்டாளா? பால் கொடுக்கும்போது கத்தரிக்காயைத் தொட்டாளா? அடுத்த நாளே பத்தியம் தொடங்கிவிடும். ஊரில் கரப்பான் என்று சொல்லப்படும் தோல் தொல்லைகளில் முக்கியமானது குழந்தைப் பருவ எக்ஸிமா. அதன் வேரைத் தேடிய ஆய்வாளர்கள் போய்ச் சேர்ந்த இடம் சமையலறை அல்ல.

டென்மார்க்கில் இரட்டையரை வைத்து நடந்த ஆய்வு 1993இல் வெளியானது. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு எக்ஸிமா இருந்தால் மற்றவருக்கும் இருந்த வாய்ப்பு 72 சதவீதம். தனித்தனிக் கருவிலிருந்து பிறந்த இரட்டையரில் அது 23 சதவீதம் மட்டுமே. இரு வகையினரும் ஒரே வயிற்றில் இருந்தவர்கள், ஒரே தாயின் சாப்பாட்டில் வளர்ந்தவர்கள். சாப்பாடுதான் காரணம் என்றால் இவ்வளவு பெரிய வித்தியாசம் வந்திருக்காது. வேறுபட்டது மரபணு.

எந்த மரபணு என்பது 2006இல் தெரியவந்தது. ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் இர்வின் மக்லீன், பிரான்சஸ் ஸ்மித் குழுவினர் மீன் செதில்போல் தோல் உரியும் பரம்பரை நோய் ஒன்றை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். ஃபிலாக்ரின் என்ற புரதத்தை உருவாக்கும் மரபணுவில் பிழை இருப்பதைக் கண்டார்கள். அந்தக் குடும்பங்களில் எக்ஸிமாவும் அதிகமாக இருந்தது. டப்ளினில் குழந்தைகளுக்கு மருத்துவம் பார்த்த ஆலன் இர்வைன் போன்றவர்களுடன் சேர்ந்து அயர்லாந்துக் குழந்தைகளைச் சோதித்தபோது, எக்ஸிமா உள்ளவர்களிடம் அதே பிழைகள் திரும்பத் திரும்பத் தென்பட்டன. ஐரோப்பிய வம்சாவளியினரில் ஏறத்தாழ 9 சதவீதம் பேர் இந்தப் பிழைகளில் ஒன்றையாவது சுமக்கிறார்கள்.

அறுத்துப் போட்ட கதிர்களைச் சேர்த்து அரிக்கட்டாகக் கட்டுவதுபோல, தோலின் மேலடுக்கில் கெரட்டின் இழைகளை இறுக்கிக் கட்டுவது ஃபிலாக்ரினின் வேலை. அது முடிந்ததும் தானே சிதைந்து, ஈரத்தைப் பிடித்துவைக்கும் சிறு பொருள்களாக மாறுகிறது. தோலின் இயல்பான அமிலத்தன்மைக்கும் அவை உதவுகின்றன. இந்தப் புரதம் குறைந்தால் தோல் வறண்டு, கண்ணுக்குத் தெரியாத இடைவெளிகள் விழுகின்றன. தூசிப்பூச்சி, கிருமி, சோப்பு எல்லாம் அவற்றின் வழியே உள்ளே நுழைகின்றன. நோய் எதிர்ப்பு அணுக்கள் பதறி எழுகின்றன, அரிப்பு தொடங்குகிறது. எக்ஸிமாவை முழுக்க முழுக்க ஒவ்வாமையாகவே பார்த்துவந்த மருத்துவ உலகம், தோலின் காப்புச் சுவரைத் திரும்பிப் பார்த்தது இதற்குப் பிறகுதான்.

ஆனால் மரபணு தலையெழுத்து அல்ல. பிழையைச் சுமக்கும் பலருக்கு எக்ஸிமா வருவதே இல்லை; எக்ஸிமா உள்ள பலரிடம் இந்தப் பிழை இல்லை. 2015இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்று எக்ஸிமாவோடு தொடர்புள்ள 31 மரபணுப் பகுதிகளைப் பட்டியலிட்டது. அவற்றில் பல, நோய் எதிர்ப்பைக் கட்டுப்படுத்துபவை.

நம் வீட்டுக் குழந்தைக்கு இதில் முக்கியமான செய்தி ஒன்று உண்டு. ஐரோப்பியரிடம் காணப்படும் அந்தப் பிழைகள் ஆசியர்களிடம் அரிது. ஜப்பானியர்களிடமும் சிங்கப்பூர்ச் சீனர்களிடமும் அதே மரபணுவில் வேறு இடங்களில் பிழைகள் இருந்தன. கிழக்கு லண்டனில் வாழும் வங்கதேசக் குடும்பங்களை ஆராய்ந்து 2018இல் வெளியான முடிவிலும் பலவகைப் பிழைகள் தெரிந்தன. எத்தியோப்பிய நோயாளிகளிடமோ ஃபிலாக்ரின் பிழை ஏறக்குறைய இல்லவே இல்லை. ஆகவே ஐரோப்பியப் பிழைகளை மட்டும் தேடும் பரிசோதனையில் ‘பிழை இல்லை’ என்று வந்தால், தமிழ்க் குழந்தை ஒன்றைப் பொறுத்தவரை அதற்குப் பெரிய மதிப்பு இல்லை. பாடநூல் படங்களில் காணும் செந்நிறமும் அப்படித்தான்: மாநிறத் தோலில் எக்ஸிமா கருமையாகவோ சாம்பல் நிறமாகவோ தெரியும், கவனிக்காமல் விட்டுவிடுவது எளிது.

சூழலும் மரபணுவும் கைகோக்கும் விதம் வியப்பானது. கோபன்ஹேகனில் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்த ஆய்வு 2008இல் ஒன்றைச் சொன்னது: ஃபிலாக்ரின் பிழையோடு பிறந்த குழந்தையின் வீட்டில் பூனை இருந்தால் எக்ஸிமா வரும் ஆபத்து கூடியது. நாய் இருந்த வீடுகளில் அப்படி இல்லை. பிரிட்டனில் 2003இல் கிடியன் லேக் குழுவினர் மற்றொன்றைக் கண்டார்கள்: புண்பட்ட தோலில் கடலை எண்ணெய் கலந்த களிம்பு தடவப்பட்ட குழந்தைகளிடம் வேர்க்கடலை ஒவ்வாமை அதிகம். ஃபிலாக்ரின் பிழைக்கும் அந்த ஒவ்வாமைக்கும் உள்ள தொடர்பு 2011இல் உறுதியானது. வெடித்த தோலின் மேல் கடலை மாவும் பயத்த மாவும் தேய்த்துக் குளிப்பாட்டும் வழக்கத்தை நாம் மறுபடி யோசிக்க இதுவே போதும்.

சுவர்தான் பழுது என்றால், பிறந்த நாள் முதல் களிம்பு தடவித் தடுத்துவிடலாமே? பிரிட்டனில் எக்ஸிமா வர வாய்ப்பு அதிகமுள்ள 1,394 குழந்தைகளிடம் இதைச் சோதித்தார்கள். முதல் ஓராண்டு தினமும் ஈரப்பதக் களிம்பு தடவியும் நோயைத் தடுக்க முடியவில்லை என்று 2020இல் முடிவு வந்தது. ஏமாற்றமான முடிவுதான். வந்துவிட்ட எக்ஸிமாவுக்கோ அதே களிம்புதான் இன்றும் அடிப்படை மருத்துவம். குளித்துத் துடைத்தவுடன் தோலில் ஈரம் காய்வதற்குள் தடவ வேண்டும். மரபணு ஆய்வுகள் சுட்டிய எதிர்ப்பு வழிகளில் ஒன்றைத் தடுக்கும் டுபிலுமாப் என்ற ஊசி, கடுமையான நோய்க்கு இப்போது ஆறு மாதக் குழந்தை முதல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டிருக்கிறது.

மருத்துவர் சொல்லாமல் பால் கொடுக்கும் தாயைப் பட்டினி போடாதீர்கள். குழந்தையை அழைத்துப் போகும்போது தாய்வழி, தந்தைவழி இரண்டிலும் யாருக்கு ஆஸ்துமா, தும்மல், வறண்ட தோல் இருந்தது என்று கேட்டுக்கொண்டு போங்கள். குழந்தையின் உள்ளங்கையில் ரேகைகள் வழக்கத்தைவிட அடர்த்தியாக ஓடினால் அதையும் மருத்துவரிடம் காட்டுங்கள். அது ஃபிலாக்ரின் குறைவின் அடையாளமாக இருக்கலாம்.